திங்க என்ன இருக்கு? வீட்டுப் பலகாரமும் பக்கத்து ஊர் விளைச்சலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் மதுரையில் இருக்கிறோம். வீட்டில் ஆறு பேர்: நான், கணவர், ஏழாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், அத்தை, மாமா. (கணவரின் அம்மாவையும் அப்பாவையும்தான் அப்படிச் சொல்கிறேன்.) மூன்று வருடமாக முடிந்தவரை சுற்றுவட்டாரத்தில் விளைந்ததை வாங்கிச் சாப்பிடுகிறோம், பிள்ளைகளுக்கான தின்பண்டத்தை வீட்டிலேயே செய்கிறோம். சொந்தக்காரர்கள், பிள்ளைகளின் நண்பர்களுடைய அம்மாக்கள், என்னோடு வேலை செய்பவர்கள் என்று ஆளாளுக்குக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளாக இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

எதற்காக இதை ஆரம்பித்தீர்கள்?

அத்தை பிறந்தது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். அவருடைய தம்பி (என் கணவரின் தாய்மாமன், அதனால் கீழே ‘மாமன்’ என்றால் இவர்தான்) இன்னும் அங்கேதான் மானாவாரியில் உளுந்தும் கம்பும் போடுகிறார். ஒரு தை மாதம் புது உளுந்தை ஒரு சின்ன மூட்டையாகக் கட்டி எடுத்து வந்தவர், இந்த வருடம் விலை கட்டவில்லை என்று சொல்லிக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்தார். அந்த நேரம் என் சமையலறையில் இருந்ததோ கடையில் வாங்கிய பாக்கெட் உளுந்து. நம் நாட்டுக்கு மியான்மரிலிருந்து நிறைய உளுந்து கப்பலில் வருகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். என் பாக்கெட்டில் இருந்தது எந்த ஊர் உளுந்து என்று எனக்குத் தெரியாது, ஆனால் மாமன் வீட்டு உளுந்து இல்லை என்பது மட்டும் தெரியும். அன்று சாயங்காலமே மகள் பள்ளி விட்டு வந்து பையை எறிந்துவிட்டு, “திங்க என்ன இருக்கு?” என்று கேட்டாள். ஒன்றும் இல்லை. பத்து ரூபாயை வாங்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடினாள். மூட்டை உளுந்து திண்ணையில் இருக்கும்போதே வீட்டில் தின்ன ஒன்றும் இல்லை என்பது என்னை ரொம்ப நேரம் உறுத்தியது. அந்த உளுந்தில் செய்த முறுக்குதான் எங்கள் முதல் பலகாரம்.

‘உள்ளூர்’ என்றால் எத்தனை கிலோமீட்டர்?

வட்டம் போட்டெல்லாம் அளக்கவில்லை. விடிகாலை பஸ் ஏறினால் பொழுது சாய்ந்து வீடு திரும்பிவிடக்கூடிய தூரம் எங்களுக்கு உள்ளூர். அரிசி மேலூர், வாடிப்பட்டிப் பக்கம். குதிரைவாலி பேரையூர். வாழைப்பழம் சிறுமலை. திராட்சை கம்பம். சின்ன வெங்காயம் திண்டுக்கல். மிளகாய் ராமநாதபுரம் குண்டு. உப்பு தூத்துக்குடி. உளுந்தும் கம்பும் மாமன் காட்டிலிருந்து. இப்படி எழுதிப் பார்க்கும்போதுதான் நம்மைச் சுற்றி எவ்வளவு இருக்கிறது என்று தெரிகிறது. நீங்கள் கோயம்புத்தூரிலோ தஞ்சாவூரிலோ இருந்தால் உங்கள் பட்டியல் வேறாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் வெளியூர்ப் பொருள் எதுவுமே வாங்குவதில்லையா?

வாங்குகிறோம். பெருங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பிசினே ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்துதான் வருகிறது. இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020-ல்தான் நம் நாட்டில் முதன்முதலாக நட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதற்காக முறுக்கில் பெருங்காயம் போடாமல் இருக்க முடியுமா? சீரகம் குஜராத், ராஜஸ்தானிலிருந்து வருகிறது. கடலைப்பருப்பும் பொட்டுக்கடலையும் பெரும்பாலும் வடக்கத்திச் சரக்கு, கோதுமையும் அப்படியே. மசாலாப் பொருட்கள் கடல் தாண்டி வருவதும் போவதும் நம் ஊரில் ரொம்பப் பழைய பழக்கம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு சிட்டிகை பெருங்காயம் வெளியே இருந்து வரட்டும், ஆனால் கிலோ கணக்கில் தின்கிற அரிசி, பருப்பு, எண்ணெய், காய், பழம் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. பொட்டுக்கடலை போடும் தட்டையைக் குறைத்து, உளுந்து போடும் முறுக்கை அதிகம் செய்கிறோம். காராச்சேவுக்குக் கடலைமாவு வேண்டும், அதனால் அதைத் தீபாவளிக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

எங்கே வாங்குகிறீர்கள்?

காய்கறி, கீரை, பழம் எல்லாம் உழவர் சந்தையில். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. விளைவித்தவரே அடையாள அட்டையோடு வந்து, கடை வாடகை இல்லாமல், அங்கேயே கொடுக்கும் தராசில் நிறுத்து விற்கும் ஏற்பாடு அது. அன்றைய விலையைப் பலகையில் எழுதிப்போடுவதால் பேரம் பேசிப் பிறகு மனசு கஷ்டப்பட வேண்டியதில்லை. ஏழு மணிக்குள் போய்விடுங்கள். ஒன்பது மணிக்குப் போனால் நல்ல கீரை கிடைக்காது.

போனதும் நான் மூன்று கேள்வி கேட்பேன்: எந்த ஊர்க் காய், எப்போ பறிச்சது, அடுத்த வாரம் என்ன வரும்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதற்குப் பதில் சொல்கிறவர் நிச்சயம் நிலத்தில் நிற்கிறவர். அவர் சொல்வதை வைத்துத்தான் அடுத்த வாரம் என்ன பலகாரம் என்று முடிவு செய்கிறேன். தட்டப்பயறு வரும் என்றால் சுண்டல், சர்க்கரைவள்ளி வரும் என்றால் அவித்துப் போளி. முன்பெல்லாம் நான் என்ன செய்யலாம் என்று யோசித்துவிட்டுப் பொருள் தேடிப் போவேன். இப்போது பொருளைப் பார்த்துவிட்டு யோசிக்கிறேன். மூன்று வருடத்தில் எங்கள் வீட்டில் மாறிய பெரிய விஷயம் இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தவை.

எந்த மாதம் என்ன செய்வீர்கள்? ஒரு பட்டியல் தர முடியுமா?

கட்டம் போட்ட பட்டியலாகத் தர மாட்டேன், ஏனென்றால் மழை முன்னே பின்னே ஆனால் எல்லாம் மாறும். ஒரு வருடம் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன்.

தையில் பனங்கிழங்கு. அவித்து, நடுவில் கீறி, நாரை உரித்துக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் அரைமணி நேரம் கடித்துக்கொண்டே இருப்பார்கள், அதைவிட நல்ல தின்பண்டம் எனக்குத் தெரியாது. கூடவே மொச்சை, கரும்பு, சர்க்கரைவள்ளி. தை கடைசியிலும் மாசியிலும் கரிசல் காட்டுப் புது உளுந்து வந்துவிடும், அப்போதே வருடத்துக்கு வேண்டியதை வாங்கிக் காயவைத்துத் தகர டப்பாவில் போட்டுவிடுகிறோம். பங்குனியில் பதநீர் வர ஆரம்பிக்கும். சித்திரையும் வைகாசியும் வெயிலுக்கான மாதங்கள்: நுங்கு, மாங்காய், மொட்டைமாடியில் கூழ் வடகம். இந்தக் கூழ் வடகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாக்கெட் சிப்ஸ் கேட்கிற பிள்ளைக்கு எண்ணெயில் போட்டதும் பூவாக விரிகிற வடகத்தைக் கொடுத்துப் பாருங்கள். நாலு நாள் வெயிலில் போடும் வேலை, எட்டு மாதத்துக்கு வருகிறது. போன வருடம் மகனும் மாமாவும் காக்கா விரட்டும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். விரட்டியதைவிட ஈரமாவை எடுத்துத் தின்றதுதான் அதிகம் என்று அத்தை சொன்னார், அதுவும் சாப்பாடுதானே.

ஆனி, ஆடியில் பலாவும் நாவல்பழமும். பலாக்கொட்டையைச் சுட்டோ அவித்தோ கொடுக்கலாம், உப்புப் போட்டு அவித்தால் உருளைக்கிழங்கு கேட்கவே மாட்டார்கள். ஆடிக்குள் புதுக் கருப்பட்டி வாங்கிவிட வேண்டும், பனை ஏறும் காலம் அதோடு முடிகிறது. ஆவணியில் சீடையும் கொழுக்கட்டையும். புரட்டாசியில் நவராத்திரிச் சுண்டல், கூடவே சீதாப்பழம். ஐப்பசியில், ஆடிப்பட்டத்தில் விதைத்த நிலக்கடலை செம்மண் காடுகளில் பிடுங்க ஆரம்பிப்பார்கள், பச்சைக் கடலையை மண் போக அலசி உப்புப் போட்டு அவித்தால் ஒரு வாரத்துக்கு வேறு எதுவும் செய்ய வேண்டாம். கார்த்திகையில் பொரி உருண்டை, அப்புறம் தீபத்தன்று ஓலைக் கொழுக்கட்டை. அரிசிமாவு, கருப்பட்டி, தேங்காய், ஏலக்காய், சுக்கு சேர்த்துப் பிசைந்து பச்சைப் பனங்குருத்தோலைக்குள் வைத்துக் கட்டி ஆவியில் வேகவைப்பது அது. ஓலையின் வாசனை மாவில் இறங்குவதற்காகவே செய்கிறோம். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மதுரையில் ஓலை கிடைப்பது கொஞ்சம் கஷ்டம், நாங்கள் ஊரிலிருந்து வரவழைக்கிறோம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் சாத்தியமா? தினமும் செய்ய நேரம் ஏது?

தினமும் செய்யவில்லை. நானும் வேலைக்குப் போகிறேன், ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவேன். பிள்ளைகள் வருவது நாலரைக்கு. அந்த நாலரை மணிக்கு டப்பா காலியாக இருந்தால் கடைதான், அதில் பிள்ளைகள் மேல் ஒரு தப்பும் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் விதி ஒன்றே ஒன்று: டப்பா காலியாகக் கூடாது.

மூன்று சம்படம் வைத்திருக்கிறோம். ஒன்றில் காரம், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எண்ணெய்ச்சட்டி வைத்துச் சுடுவது. இரண்டாவதில் உருண்டை: எள், பாசிப்பருப்பு, கம்பு, இதில் ஏதாவது ஒன்று, அரைமணி நேர வேலை. மூன்றாவதில் வறுத்த கடலை அல்லது பொரி அல்லது அவல், அதற்கு வேலையே கிடையாது. மற்ற நாட்களில் வாழைப்பழம், கொய்யா, அவித்த கிழங்கு, அவித்த பயறு. காலையில் சோறு வடிக்கும்போதே பக்கத்து அடுப்பில் குக்கரில் பயறை வைத்துவிட்டால் சாயங்காலம் தாளித்தால் போதும். அதை இப்போது மகளே செய்துகொள்கிறாள்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் வீட்டில் இருப்பது எங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் எல்லாவற்றையும் அத்தை தலையில் கட்டவில்லை. மாவு மில்லுக்குப் போவது, செக்குக்குப் போவது, எண்ணெய்ச்சட்டி முன்னால் நிற்பது மூன்றும் என் கணவர் வேலை. முறுக்கு உழக்கை அழுத்த நல்ல கைபலம் வேண்டும், வீட்டில் அது அவருக்குத்தான் இருக்கிறது. ‘வீட்டுப் பலகாரம்’ என்று சொல்லி ஒரு பெண்ணுக்கு இன்னொரு வேலையைக் கூட்டுவது என்றால், அந்த வீட்டில் இதை ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

முறுக்கு ஏன் சிலசமயம் உடைகிறது, சிலசமயம் கல்லாக வருகிறது?

எங்களுக்கும் இரண்டும் நடந்திருக்கிறது. அளவு இதுதான்: பச்சரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு. அரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் லேசாகத் தெரியும்போதே அரைக்க வேண்டும். உளுந்தை வெறும் சட்டியில் வாசனை வரும் வரை மட்டும் வறுத்து நைசாக அரைத்துச் சலிக்க வேண்டும், சிவக்க விட்டால் முறுக்கும் சிவக்கும். வெண்ணெய் அதிகமானால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து உதிரும், குறைந்தால் கல். உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும். எல்லா மாவையும் ஒரே நேரத்தில் பிசைந்து வைக்காதீர்கள், நேரம் ஆக ஆக முறுக்கு சிவந்துபோகும். நாலு ஈடாகப் பிரித்துப் பிசையுங்கள். எண்ணெயின் சலசலப்பு அடங்கியதும் எடுத்துவிடலாம், நிறத்தைப் பார்க்க வேண்டாம், சத்தத்தைக் கேளுங்கள்.

மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு, அதாவது இது இந்த ஊர்ப் பொருள் என்று அரசு பதிவு செய்து தரும் அடையாளம், கிடைத்தது. அந்த ஊர்த் தண்ணீரின் உப்புதான் அந்த ருசிக்குக் காரணம் என்று அங்கே சொல்வார்கள். அந்த ருசி வீட்டில் வரவில்லையே என்று வருத்தப்படாதீர்கள், உங்கள் தண்ணீருக்கு ஒரு ருசி இருக்கும்.

சீடை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஆபத்து. முதல் வருடம் எங்கள் சீடை எண்ணெயில் வெடித்து கணவரின் கையில் கொப்புளம் வந்துவிட்டது. மாவைச் சரியாகச் சலிக்கவில்லை, உருண்டையை அழுத்தி உருட்டிவிட்டோம், உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் வெடித்தது. இப்போது மாவை இரண்டு முறை சலிக்கிறோம், அழுத்தாமல் உருட்டித் துணியில் கொஞ்ச நேரம் ஆறப் போடுகிறோம், ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்துகிறோம். பிள்ளைகளை அடுப்படிக்குள் விடுவதில்லை.

கடலை மிட்டாய் பல்லில் ஒட்டுகிறது. என்ன தப்பு?

பாகு பதம் வரவில்லை. கொதிக்கும் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும், ஒடித்தால் கண்ணாடி மாதிரி ஒடிய வேண்டும். கையில் உருண்டு வளைந்தால் இன்னும் காய்ச்ச வேண்டும், அது அதிரசத்துக்கான பதம். இரண்டு பங்கு வறுத்த கடலைக்கு ஒரு பங்கு வெல்லம் சரியாக இருக்கும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாமல் போட்டால் மண் கடிபடும். கடலையைக் கொட்டிக் கிளறியதும் நெய் தடவிய பலகையில் போட்டு உருளையால் தேய்த்து, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிடுங்கள், ஆறினால் எந்தக் கத்தியும் இறங்காது.

கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு முன்பும் பின்பும் எங்கள் அத்தைக்கு மிட்டாய் என்றால் அது ஒன்றுதான். வீட்டில் செய்ய முடிந்தாலும், ஊருக்குப் போய்வரும்போது அங்கிருந்து வாங்கி வருவதை நாங்கள் விடவில்லை. நம் பக்கத்து ஊர் ஆட்கள் தலைமுறையாகச் செய்கிற ஒன்றை வாங்குவதும் உள்ளூர்ச் சாப்பாடுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர்ச் சேவு எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

கடலையில் ஒரு எச்சரிக்கை. பூஞ்சை பிடித்த, கறுத்த, கசக்கிற கடலையை ஈவு இரக்கம் இல்லாமல் தூக்கிப் போடுங்கள். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலுக்குக் கெடுதல், வறுத்தாலும் முழுசாகப் போகாது.

எந்த எண்ணெய்? செக்கு எண்ணெய் சுடும்போது பொங்குகிறதே?

கடலையும் எள்ளும் வாங்கிக் காயவைத்துச் செக்கில் கொடுத்து ஆட்டிக்கொள்கிறோம். பத்து கிலோ உரித்த நிலக்கடலைக்குச் சுமார் நாலு கிலோ எண்ணெய் கிடைக்கும். புண்ணாக்கைத் தெருவில் மாடு வைத்திருக்கும் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறோம், அவர் கணக்குப் பார்க்காமல் ஒருநாள் பால் தருவார். எள்ளை ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள், நல்லெண்ணெயின் வாசனைக்கு அதுவும் ஒரு காரணம்.

பொங்குவதற்குக் காரணம் கசடு. ஆட்டிய எண்ணெயை உடனே சட்டியில் ஊற்றாதீர்கள். நாலைந்து நாள் வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, அடியில் தங்கியதைக் கலக்காமல் மேலே உள்ளதை இறுத்துக்கொண்டால் பொங்காது, புகையாது.

சுட்டு மிஞ்சிய எண்ணெயை மறுபடி பலகாரம் சுட வைக்க மாட்டோம். நாலு நாளைக்குள் தாளிப்பில் தீர்த்துவிடுவோம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைக் கடைகள் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. கடைச் சட்டியை நான் போய் அளக்க முடியாது. என் சட்டி எத்தனை தடவை காய்ந்தது என்று எனக்குத் தெரியும்.

செலவு கூடுமா, குறையுமா?

இரண்டும். செக்கு எண்ணெயும் கருப்பட்டியும் சந்தேகமில்லாமல் விலை அதிகம். காய், கீரை, பழம் பருவத்தில் வாங்குவதால் குறைகிறது. தின்பண்டத்துக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பிள்ளைக்கு ஒரு பத்து ரூபாய் பாக்கெட் என்றாலே இரண்டு பிள்ளைக்கு மாதம் அறுநூறு ரூபாய், பாக்கெட்டில் பாதிக்கு மேல் காற்று. அந்த அறுநூறுக்கு வரும் உளுந்து, எள், கடலையில் ஆறு பேரும் தின்கிறோம்.

கருப்பட்டி போட்டால் சர்க்கரை நோய்க்காரர்கள் சாப்பிடலாமா?

கூடாது. கருப்பட்டியும் வெல்லமும் இனிப்புதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். எங்கள் மாமாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. ‘பனைதானே, ஒன்றும் செய்யாது’ என்று யாரோ சொல்லி அவர் தினம் கருப்பட்டிக் காபி குடித்து, அடுத்த பரிசோதனையில் அளவு எங்கோ போயிருந்தது. இப்போது அவருக்கு அவித்த பயறும் வறுத்த கடலையும்தான். நாங்கள் கருப்பட்டி வாங்குவது அதன் மணத்துக்காகவும், பனை ஏறுகிறவர்களுக்கு அந்தப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவும். உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சீனி கலந்தது நிறையப் புழங்குகிறது, அதனால் காய்ச்சுகிறவரைத் தெரிந்துகொண்டு பருவத்தில் அவரிடமே வாங்குவதுதான் நாங்கள் நம்பும் வழி.

சிறுதானியம் பிள்ளைகள் தொடவே மாட்டேன் என்கிறார்களே?

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் சோற்றை நிறுத்திவிட்டுத் தினையை வைத்தார்கள், பிள்ளைகள் வெறுத்துவிட்டார்கள். நாங்களும் அந்தத் தப்பைச் செய்தோம். இப்போது சோற்றில் கை வைப்பதில்லை. பலகாரத்தில் நுழைக்கிறோம்: முறுக்கு மாவில் அரிசிக்குப் பதில் பாதி குதிரைவாலி, முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, கம்பு உருண்டை. கம்பு மாவை மட்டும் மொத்தமாக அரைத்து வைக்காதீர்கள், அதில் இருக்கும் எண்ணெய்ச் சத்தால் கொஞ்ச நாளிலேயே கசந்துவிடும். பிள்ளைகள் ‘கம்பு கசக்குது’ என்று சொன்னால் அநேகமாக அது பழைய மாவு. வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்து அரைத்துப் பாருங்கள், வாசனையே வேறு.

மழைக்காலத்தில் நமுத்துப்போகிறதே?

முழுசாக ஆறிய பிறகு மூடுங்கள். பெரிய டப்பாவை அடிக்கடி திறக்காமல் சின்ன டப்பாவில் இரண்டு நாளைக்கானதை எடுத்து வையுங்கள். ஈரக்கையைப் போட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கேட்பார்கள் என்று சொல்ல மாட்டேன்.

மாடித் தோட்டம் இல்லாமல் முடியுமா?

முடியும். எங்களிடம் இருப்பது ஒரு கறிவேப்பிலைச் செடியும் ஒரு முருங்கை மரமும்தான்.

ஆப்பிள் வாங்குவதே இல்லையா?

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் வாங்கி வருவார்கள், சாப்பிடுவோம். நாங்களாக வாங்குவது கொய்யாவும் சிறுமலை வாழையும். அந்த மலை வாழைக்கு 2008-லேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது, ஆனாலும் நிறைய மதுரைக்காரர்கள் அதைத் தின்று பார்த்ததில்லை என்பது எனக்கு ஆதங்கம். தோல் சுருங்கிக் கறுத்த பிறகுதான் அது ருசி. கெட்டுப்போய்விட்டது என்று எறிந்துவிடாதீர்கள்.

தாத்தாவும் சித்தியும் மற்றவர்களும் பாக்கெட் வாங்கிக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?

தின்னட்டும். ஒரு வருடம் கண்டிப்பாக இருந்து பார்த்தேன். மகன் பள்ளி வேனில் மற்ற பிள்ளைகளிடம் கேட்டு வாங்கித் தின்கிறான் என்று தெரிந்தபோது அழுதுவிட்டேன், என் பிள்ளை கை நீட்டும்படி நானே செய்துவிட்டேனே என்று. அன்றோடு தடை போடுவதை விட்டோம். பிறந்தநாளுக்குப் போனால் கேக் தின்பான், சித்தப்பா சினிமாவுக்குக் கூட்டிப்போனால் அங்கே கிடைப்பதைத் தின்பான். வீட்டு டப்பா நிறைந்திருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு வெளியே தின்பதில் ஒரு வெறி இருப்பதில்லை, நாங்கள் கண்டது இதுதான். இப்போது அதே வேனுக்கு மகன் வெள்ளிக்கிழமைகளில் ஒரு டப்பா எள்ளுருண்டை கொண்டுபோகிறான். திரும்பி வரும்போது டப்பா காலியாக இருக்கும்.

எதிலிருந்து தொடங்கலாம்?

எள்ளுருண்டை. அடுப்பில் அஞ்சு நிமிடம் எள்ளை வெடிக்க வறுத்து, ஆறவைத்து, வெல்லமோ கருப்பட்டியோ தட்டிப் போட்டு மிக்ஸியில் இரண்டு சுற்று. எள்ளிலிருந்து வரும் எண்ணெயே உருட்டப் போதும், பாகு வேண்டாம், நெய் வேண்டாம். முறுக்கிலும் அதிரசத்திலும் தொடங்கி மனம் விட்டுப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதிரச மாவு எங்களுக்கே இரண்டு தடவை எண்ணெயில் கரைந்துபோயிருக்கிறது, பாகு ஒரு கொதி முந்திவிட்டது.

இப்போது உங்கள் டப்பாக்களில் என்ன இருக்கிறது?

இதை எழுதுவது புரட்டாசி மூன்றாம் வாரம். முதல் சம்படத்தில் குதிரைவாலி முறுக்கு, பாதிதான் மிச்சம். இரண்டாவதில் எள்ளுருண்டை பதினொன்று. மூன்றாவது காலி, நாளைக் காலை சந்தையில் தட்டப்பயறு வரும் என்று வாடிப்பட்டி அக்கா சொல்லியிருக்கிறார்.